முதல் மூன்று நாள் மௌன விரதம்

2022 ஏப்ரல் 13, புதன்கிழமை. தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தின நாள். விடியற்காலை நாலு மணிக் காட்சி முடிந்து, ஏழு மணிக்குள்ளாகவே தமிழ்நாட்டுத் தியேட்டர் வாசல்களில் ஒரு தேசியப் பிரச்சினைக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. ‘ரா’ உளவு அமைப்பின் முன்னாள் அதிகாரி வீர ராகவன், சென்னை மால் ஒன்றில் தீவிரவாதிகளிடம் சிக்கிய மக்களைக் காப்பாற்றினாரா என்பதல்ல அந்தப் பிரச்சினை. அவர் காப்பாற்றுவார் என்பது டிரெய்லர் வந்த அன்றே தெரியும். ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகேவா, செகண்ட் ஹாஃப் லேக்கா என்பதுதான் பிரச்சினை.

படம் ‘பீஸ்ட்’. விஜய் நடிப்பு, நெல்சன் இயக்கம், அனிருத் இசை, சன் பிக்சர்ஸ் தயாரிப்பு. உளவு, சண்டை, நகைச்சுவை மூன்றும் ஒரே டிக்கெட்டில். மறுநாள் ‘கே.ஜி.எஃப் 2’ வருகிறது என்பதால் ஏப்ரல் 13 காலையிலேயே அபிப்பிராயத்தைச் சொல்லி முடித்தாக வேண்டிய நெருக்கடி வேறு. ஒரு நாள் தாமதித்தால் ரசிகனின் கருத்து ஊசிப்போய்விடும் என்பதுபோல் வாசலில் இருபது மைக்குகள் காத்திருந்தன.

இந்த வாசல் நீதிமன்றத்தின் நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேள்வி ஒன்றே ஒன்று: “படம் எப்படிண்ணா இருக்கு?” பதில்கள் நாலு. ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி “வேற லெவல்” என்பார். இன்னொருவர் “ஒன்டைம் வாட்சபிள்” என்று வருமான வரி அதிகாரியின் முகத்தோடு சொல்வார். மூன்றாமவர் “தளபதிக்காகப் பாக்கலாம்” என்பார். அதாவது வேறெதற்காகவும் பார்க்க முடியாது. நாலாமவர் போட்டி நடிகரின் ரசிகர். படத்துக்கு அவர் வந்ததே நன்றாக இல்லை என்று சொல்வதற்காகத்தான். இதிலே பாதிப் பேர் உள்ளே போகும்போதே கருத்துச் சொல்லிவிட்டுப் போனவர்கள். பார்ப்பதற்கு முன்பே “பிளாக்பஸ்டர்” என்றவர் பார்த்த பிறகும் “பிளாக்பஸ்டர்” என்கிறார். அந்தக் கொள்கைப் பிடிப்பு நம் கட்சிகளிடம்கூடக் கிடையாது.

அவரைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் நிலையையும் யோசிக்க வேண்டும். சென்னையின் பெரிய மல்டிபிளெக்ஸிலேயே வரிகள் சேர்த்து டிக்கெட் விலை 190 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அப்போது அரசு வைத்திருந்த வரம்பு. முதல் நாள் முதல் காட்சியில் அந்த வரம்பு எங்கே போகிறது என்பது தமிழ்நாட்டில் ரகசியமே இல்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று கைமாறும் சீட்டில் அரசு விலை மட்டும் அச்சாகியிருக்கும். மிச்சம் எந்தக் கணக்கில் போகிறது என்று எந்த மைக்கும் எந்த விநியோகஸ்தரையும் இதுவரை கேட்டதில்லை. அவ்வளவு கொடுத்துவிட்டு, இரவெல்லாம் பேனருக்குப் பாலூற்றிவிட்டு, விடிந்ததும் கேமரா முன்னால் “ஏமாந்துட்டேன்” என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர் படத்தைப் பாராட்டவில்லை. தன் ஆயிரம் ரூபாய்க்கு இறுதி மரியாதை செய்கிறார்.

சரி, படத்துக்கு வருவோம். வாசலில் அதைத்தான் யாரும் பேசவில்லை.

நெல்சனின் நகைச்சுவைக்கு ஒரு தனி முறை உண்டு. ‘கோலமாவு கோகிலா’விலும் ‘டாக்டர்’ படத்திலும் அது வேலை செய்தது. ஆபத்தின் நடுவில் மனிதர்கள் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு அற்ப விஷயங்களைப் பேசுவார்கள். போதைப்பொருள் கடத்தும் குடும்பம் இட்லிக்குச் சட்னி பற்றாதவர்களைப் போல் கவலைப்படும். அங்கே கதாநாயகர்களுக்கும் அந்த அபத்தத்தில் பங்கு இருந்தது. ‘பீஸ்ட்’டில் அது முடியாது. உளவாளி தடுமாற வேண்டும், தவறாகக் கணக்குப் போட வேண்டும், அடி வாங்க வேண்டும், தன் புத்திசாலித்தனத்தால் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்துதான் உளவு நகைச்சுவை பிறக்கும். நம் உச்ச நட்சத்திரம் தடுமாறலாமா? ரசிகர் மன்றம் சும்மா விடுமா? ஆகவே அவர் மட்டும் சிரிக்காத சிலையாய் நிற்க, அவரைச் சுற்றியுள்ள வி.டி.வி. கணேஷிலிருந்து பணயக்கைதிகள் வரை எல்லோரும் கோமாளிகளானார்கள். தீவிரவாதிகளும் கோமாளிகள். ஒரு மாலையே பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதன் இங்கும் அங்கும் நடந்துபோய் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை. அறுபதுகளில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ காலத்தில் பட்ஜெட் சின்னது, செட் அட்டை என்பது தெரியும். இருந்தாலும் அங்கே உளவாளிக்கு வேலை இருந்தது. அவர் எதையாவது துப்பறிய வேண்டியிருந்தது. வீர ராகவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரியும், கதாசிரியர் சொல்லியிருப்பார்.

கடைசியில் போர் விமானத்தில் ஏறிப் பாகிஸ்தானுக்குப் போய், தீவிரவாதத் தலைவனைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். இரண்டு அணுஆயுத நாடுகளுக்கு நடுவில் எல்லை தாண்டிப் போய் வருவதற்கு, தாம்பரத்திலிருந்து கோயம்பேடு போய் வரும் அளவுக்குக்கூட இடைஞ்சல் இல்லை. இந்தக் காட்சிக்கும் வாசலில் தீர்ப்பு வந்தது: “கிளைமாக்ஸ் கொஞ்சம் லாஜிக் மீறல்ணா, ஆனா மாஸ்.” போர் என்பது இப்படி அரை நிமிடத்தில் மாஸாகும் நாட்டில் உண்மையான போர் வந்தால் என்ன கேட்போம்? பிஜிஎம் யாரென்று கேட்போம்.

இனி கேட்காமல் விட்ட கேள்வி.

மாலைப் பிடித்தவர்கள் யார்? முஸ்லிம்கள். விடுவிக்கச் சொல்லும் தலைவன் யார்? உமர் ஃபரூக். இதையெல்லாம் சமன்செய்ய ஒரு ஏற்பாடும் உண்டு. அரசுத் தரப்பில் பேச்சுவார்த்தை நடத்தும் அதிகாரியின் பெயர் அல்தாஃப் உசேன், நடித்தவர் செல்வராகவன். தமிழ் சினிமாவின் மாறாத இடஒதுக்கீடு இது: துப்பாக்கியோடு இருபது பேர், கோப்போடு ஒருவர். இருபது பேரையும் நாயகன் கொல்வார். அந்த ஒருவரைக் காட்டி, “பாருங்கள், நாங்கள் எல்லோரையும் அப்படிச் சொல்லவில்லை” என்று இயக்குநர் பேட்டி கொடுக்கலாம். அந்த நல்லவர் படம் முழுக்கத் தன் தேசபக்திக்கு ரசீது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வில்லனின் சாதிக்கோ மதத்துக்கோ நல்லவர் ஒருவரைப் பிணை வைக்கும் இந்த வழக்கம் மற்ற வில்லன்களுக்குக் கிடையாது. மணல் கொள்ளைக்காரன் இந்துவாக இருந்தால், படத்தில் ஒரு நல்ல இந்துவையும் காட்டியாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றவும் வேண்டியதில்லை. அந்தச் சலுகை ஏன் ஒரு சமூகத்துக்கு மட்டும் மறுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

படம் வருவதற்கு முன்பே தமிழ்நாடு முஸ்லிம் லீக் இதைத் தடை செய்யக் கோரி உள்துறைச் செயலருக்கு மனு கொடுத்தது. நான் தடைகளுக்கு எதிரி. மோசமான படத்துக்குத் தடை போட்டால் அது தியாகியாகிவிடும். 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு அப்போதைய அரசு 144 தடையுத்தரவு போட்டபோது நடந்தது நினைவிருக்கும். படத்தில் என்ன இருந்தது என்ற பேச்சே அடங்கிப்போய், கமல் ஊரைவிட்டுப் போவாரா மாட்டாரா என்பது மட்டும் பேச்சானது. அதற்கு முந்தின தீபாவளிக்கு வந்த ‘துப்பாக்கி’க்கும் எதிர்ப்பு வந்தது. அதுவும் ஸ்லீப்பர் செல் கதை, அதுவும் விஜய். பத்து வருடத்துக்குப் பிறகு அதே நாயகர் அதே வகைத் துப்பாக்கியோடு அதே வகை எதிரிகளை மாலில் சுடுகிறார். இடையில் மாறியது மாலின் உள் அலங்காரம்.

மனு கொடுத்தவர்கள் படம் பார்க்காமல் கொடுத்தார்கள் என்று சிரித்தார்கள். பார்க்காமலே ‘பிளாக்பஸ்டர்’ என்றவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதோடு, பார்க்காதவர்கள் ஊகித்ததும் தப்பவில்லை.

இதில் உச்சகட்டம் குவைத். அந்த நாட்டு அரசு ‘பீஸ்ட்’டைத் தடை செய்தது, கத்தாரிலும் படம் வெளியாகவில்லை. அதாவது, சிவகார்த்திகேயன் வரிகளில், அரபிபோல் ஒலிக்கும் ஆனால் எந்த அரபிக்கும் புரியாத சொற்களில், காதலர் தினத்தன்று வெளியான ‘அரபிக் குத்து’ பாட்டைப் போட்ட படத்தை அரபு நாடே வேண்டாமென்றது. ஒரு மொழியின் ஓசையைக் கல்யாண மேடையில் ஆட எடுத்துக்கொண்டு, அந்த மொழியோடு சம்பந்தப்பட்ட பெயர்களையெல்லாம் வில்லன்களுக்கு வைத்த கெட்டிக்காரத்தனத்தை என்ன சொல்ல? குவைத்தில் தடை என்றபோது இங்கே எழுந்த கவலையும் ஒன்றுதான்: ஓவர்சீஸ் கலெக்‌ஷன் எவ்வளவு அடிபடும்?

தியேட்டருக்குள் அந்தப் பாட்டுக்கு எழுந்து ஆடியவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்திருப்பார்கள். இல்லாமல் இருக்க முடியாது, விஜய்க்கு எல்லாத் தெருவிலும் ரசிகர்கள். இடைவேளைக்கு முன் ஆடிவிட்டு, இடைவேளைக்குப் பின் தன் அப்பா பெயரையோ மாமா பெயரையோ வைத்துக்கொண்டு ஒருவன் குண்டடிபட்டு விழுவதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு வெளியே வருகிற அந்தப் பையனிடமும் மைக் நீண்டிருக்கும். என்ன கேட்டிருப்பார்கள்? “பிஜிஎம் எப்படிண்ணா?”

வாசல் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை கோயம்பேட்டில் ரோகிணி தியேட்டர் வாசல்தான் தமிழ்நாட்டுப் பார்வையாளர் கருத்துகளின் தலைமைச் செயலகம். 2023 ஜனவரி 11 அதிகாலை, ‘துணிவு’ பார்க்க வந்த ஒரு இளைஞர் அந்தத் தியேட்டருக்கு வெளியே லாரியில் ஏறி ஆடி, கீழே விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகே அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு முட்டுக்கட்டை போட்டது. அதே வருடம் ‘லியோ’வுக்கு நாலு மணிக் காட்சி வேண்டுமென்று தயாரிப்புத் தரப்பு நீதிமன்றம் வரை போனது. ஒன்பது மணி வரை பொறுப்பது அவ்வளவு பெரிய வேதனை. அதே 2023 மார்ச் 30. ‘பத்து தல’ வெளியான நாள். நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு அதே ரோகிணி வாசலில் நின்றது. உள்ளே விடவில்லை. அந்தக் காட்சி வெளியே பரவி, ஊரே காறித் துப்பிய பிறகு உள்ளே விட்டார்கள். தியேட்டர் நிர்வாகம் கொடுத்த விளக்கம் இன்னும் அழகு: படம் யு/ஏ சான்றிதழ் பெற்றதாம், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சட்டப்படி அனுமதிக்க முடியாதாம். யு/ஏ என்றால் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்று அர்த்தம். பெற்றோர் பக்கத்திலேயே நின்றார்கள். ‘பீஸ்ட்’டும் யு/ஏதான். அதற்குத் தோளில் தூக்கிவந்த கைக்குழந்தைகளின் பிறந்த தேதியை எந்த வாசலில் யார் சரிபார்த்தார்?

தமிழ்நாட்டில் பார்வையாளர் கருத்து என்றால் என்ன என்பதை அந்தக் காலை காட்டிவிட்டது. சட்டை கழற்றியவன் கருத்துக்கு முப்பது சேனல். டிக்கெட் வாங்கியவளின் உடைக்கு முன்னால் கயிறு. அந்தப் பெண்ணிடம் அன்று எவராவது “படம் எப்படிம்மா?” என்று கேட்டிருந்தால் அதுதான் விமர்சனமாக இருந்திருக்கும். கேட்கவில்லை. அது டிரெண்டிங் விவகாரமாகிவிட்டதால், அவரிடம் கேட்கப்பட்டது வேறு கேள்விகள்.

இத்தனைக்கும் பொறுப்பு யார் என்று தேடினால் ரசிகனைக் கைகாட்டுவார்கள். இந்தச் சந்தையைக் கட்டியவன் ரசிகன் அல்ல. படம் வெளியாகும் முன்பே “ரெக்கார்ட் பிரேக்கிங்” போஸ்டர் அடித்தவர்கள், முதல் நாள் மாலையே கேக் வெட்டியவர்கள், மூன்றாம் நாள் எந்தத் தணிக்கையாளரும் பார்க்காத கோடிக்கணக்கை நாளிதழ் முழுப்பக்கத்தில் போட்டவர்கள், தியேட்டருக்குள் மைக்கை விட்டு “ஆரவாரத்தைப் பிடிங்க” என்று சொன்னவர்கள்: இவர்கள் கட்டியது. பாராட்டு வந்தவரைக்கும் அது “மக்கள் தீர்ப்பு”, “குடும்பங்கள் கொண்டாடும் வெற்றி”. அதே வாயிலிருந்து ஒரு நாள் “தலைவலி” என்று வந்துவிட்டது. உடனே மக்கள் தீர்ப்பு, “திட்டமிட்ட சதி” ஆகிவிட்டது.

2024இல் ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ என்று வரிசையாகப் பெரிய படங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் நவம்பரில் அறிக்கை விட்டது: தியேட்டர் வளாகத்துக்குள் முதல் காட்சிக் கருத்துக் கேட்க யூடியூப் சேனல்களை விடாதீர்கள். விஷயம் அறிக்கையோடு நிற்கவில்லை. தயாரிப்பாளர்களின் இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது: படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு விமர்சனத்துக்குத் தடை வேண்டும். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்து, விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்றது. தமிழ் சினிமா நாயகர்கள் நீதிமன்றக் காட்சிகளில் பக்கம் பக்கமாகப் பேசும் அதே கருத்துச் சுதந்திரம்தான்.

மூன்று நாள் என்ன கணக்கு? வெள்ளி, சனி, ஞாயிறு. கல்லாவில் காசு விழும் நாட்கள். ரசிகன் வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை கடைக்குப் போகிற வழியில் வேண்டுமானால் தனக்குள் முனகிக்கொள்ளலாம். ஹோட்டலில் ஊசிப்போன சாம்பாரைப் பரிமாறிவிட்டு, பில் கட்டும் வரை முகம் சுளிக்கக் கூடாது என்று எவனாவது வழக்குப் போட்டிருக்கிறானா?

விமர்சனம் படத்தைக் கொல்கிறது என்ற புலம்பலும் உண்மையல்ல. அதற்கு ‘பீஸ்ட்’டே சாட்சி. 2023 ஜூலையில் ‘ஜெயிலர்’ பாடல் வெளியீட்டு விழாவில் ரஜினிகாந்தே மேடையில் சொன்னார்: ‘பீஸ்ட்’ வந்த பிறகு இயக்குநரை மாற்றச் சொல்லி விநியோகஸ்தர்கள் சிலர் யோசனை சொன்னார்கள், சன் பிக்சர்ஸிடம் பேசியபோது, விமர்சனம் சரியில்லை, ஆனால் வசூல் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். இயக்குநர் மாறவில்லை, ‘ஜெயிலர்’ அடுத்த மாதம் வந்து ஓடு ஓடென்று ஓடியது. ஆக, ஊரெல்லாம் சேர்ந்து திட்டியும் ‘பீஸ்ட்’ காசு பார்த்தது. நாலே வாரத்தில் மே 11 அன்று ஓடிடியிலும் ஏறியது. அங்கே வந்த பிறகு அந்த விமானக் காட்சியை வெட்டியெடுத்து நாடே சிரித்தது, சிரித்ததால் இன்னும் நாலு பேர் பார்த்தார்கள். திட்டும் விற்கும் தொழிலில் இருந்துகொண்டு திட்டாதே என்று அழுவதை என்னவென்பது?

விமர்சகர்களும் உத்தமர்கள் இல்லை. படத்தை அலசத் தெரியாமல் நடிகையின் உடலை அலசுபவர்கள், ஒரு வாரம் திட்டிவிட்டு அடுத்த வாரம் அதே தயாரிப்பாளரின் முன்வெளியீட்டு விழாவில் தொகுப்பாளராக நிற்பவர்கள், தம்ப்நெயிலில் நாயகன் முகத்துக்குக் கண்ணீர் வரைபவர்கள் எல்லாம் அங்கே உண்டு. அந்தச் சகதியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் அவர்களைக் காட்டி, 190 ரூபாய் கொடுத்தவனின் வாயைக் கட்ட வேண்டும் என்று வருபவர் யார் என்று பார்க்க வேண்டும். அந்தச் சேனல்களுக்குப் பேட்டியும் விளம்பரமும் கொடுத்து வளர்த்தவர்தான்.

இருந்தாலும் தமிழன் சண்டைக்காரன் இல்லை. தயாரிப்பாளர்கள் மனம் நோகக் கூடாது. மூன்று நாள் மௌன விரதத்துக்குச் சம்மதிப்போம். ஒன்றிரண்டு சின்ன நிபந்தனைகள் மட்டும். அந்த மூன்று நாளும் நீங்களும் பேசக் கூடாது. “மெகா பிளாக்பஸ்டர்” போஸ்டர் ஒட்டக் கூடாது. வசூல் விளம்பரம் கூடாது. நன்றி அறிவிப்பு மேடை கூடாது, இயக்குநருக்குக் கார் சாவி கொடுக்கும் புகைப்படம் கூடாது. நாயகன் ரசிகர்களுக்குக் குரல் செய்தி அனுப்பக் கூடாது. உங்கள் நாயகன் எல்லை தாண்டிப் போய் எந்த மதத்துக்காரனை வேண்டுமானாலும் இழுத்துவரட்டும், நாங்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். லாஜிக் கேட்க மாட்டோம். சிரிப்பு வராத இடத்தில் சிரிப்பு வரவில்லை என்றும் சொல்ல மாட்டோம்.

டிக்கெட் காசு பற்றி மட்டும் ஒரு தெளிவு. விமர்சனம் நான்காம் நாள் என்றால் பணமும் நான்காம் நாள்தான். படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். திங்கட்கிழமை காலை வரிசையில் வந்து நின்று, எவ்வளவு தகுமென்று தோன்றுகிறதோ அவ்வளவைக் கட்டிவிட்டுப் போகிறோம்.